நடை வரட்டும் என்று பள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே ஒரு மலையோர ஊரிலிருந்து வந்த கேள்வி இது. அக்கா மகளுக்கு நாலு வயது. மூளை முடக்குவாதம், அதாவது சி.பி. சாய்த்து வைத்தால் உட்காருவாள், நிற்க முடியாது. சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் பேச்சு சில சத்தங்களோடு நின்றுவிடுகிறது. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். அம்மா முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருக்கிறார். நாகர்கோவிலில் தனியார் தெரபிக்குப் போய்வரும் செலவு தாங்கவில்லை. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அரசு என்ன தரும், ஊரில் இதேபோல் இன்னும் சிலர் இருப்பதால் சர்ச் ஹாலில் நாமே ஒரு மையம் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை இப்போதே அங்கன்வாடியில் சேருங்கள். ஐந்து வயதானதும் ஊர்ப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேருங்கள். தெரபிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதைக் குறைத்துவிட்டு, தெரிந்தவர்களை வீட்டுக்கு வரவழைத்து அக்காவுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். மையம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இல்லாத ஊர் இங்கே குறைவு. அப்படியிருந்தும் பத்து வயதைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளை மலையோரத்திலும் கடற்கரையிலும் இன்றும் பார்க்கிறேன். "முதல்ல நடக்கட்டும், பிறகு பள்ளிக்கூடம் விடலாம்" என்று வீட்டில் எல்லோரும் காத்திருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். இந்த வரிசை தவறு. நடை, பேச்சு, படிப்பு மூன்றும் தனித்தனிப் பாதைகள். ஒன்று தாமதமானால் மற்ற இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

நடையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிடும் சி.பி. குழந்தைகள் பிற்பாடு நடப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. நாலு வயதிலும் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியவில்லை என்றால், எதையும் பிடிக்காமல் நடப்பது நடக்குமா என்பது சந்தேகமே. இதைச் சொல்லத் தயங்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், சொன்னால் கேட்க விரும்பாத பெற்றோரும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள். பதில் எதுவானாலும், அவளுக்குச் சொல்வதெல்லாம் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவளுடைய பெரிய சொத்து. உழைப்பை அங்கே போடுங்கள்.

இப்போது தெரபி. மூளையில் ஏற்பட்ட சேதம் இனிமேல் வளராது. ஆனால் உடம்பு வளரும். தசை இறுகினால் மூட்டு மடங்கிப்போகும், இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். பிசியோதெரபி அதைத் தடுப்பதற்கும், இருக்கிற அசைவைப் பயன்படுத்தக் கற்பதற்கும்தான். வாரம் ஒருமுறை நாகர்கோவில் போய் முக்கால் மணி நேரம் செய்துவிட்டு, மற்ற ஆறு நாளும் பாயில் மல்லாந்து கிடந்தால் அந்த முக்கால் மணி நேரத்தால் பயன் இல்லை. பிள்ளை நாள் முழுக்க எப்படி இருக்கிறாள் என்பதே தெரபி. எப்படித் தூக்குகிறோம், எப்படி உட்காரவைக்கிறோம், எப்படிச் சோறு ஊட்டுகிறோம் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

தூக்கும்போது கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துத் தூக்காமல், கால் இரண்டையும் அகற்றி இடுப்பில் வைத்துத் தூக்குங்கள். ஒன்றையொன்று கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதுவே பயிற்சி. உட்காருவதற்கு மூலை நாற்காலி ஒன்று வேண்டும். பின்புறம் இரண்டு பலகை செங்குத்தாகச் சேர்ந்திருக்கும், நடுவில் கால் அகற்றிவைக்க ஒரு முளை, முன்னால் ஒரு சின்ன மேசை. ஊர் ஆசாரி ஒரு நாளில் செய்துவிடுவார். அளவை மட்டும் பிசியோதெரபிஸ்ட் எடுத்துத் தரட்டும். அதில் உட்கார்ந்தால் இரண்டு கையும் விளையாட விடுதலையாகும், வீட்டில் நடப்பதெல்லாம் கண்ணில் படும். நிற்கவைக்கும் சட்டமும் அதேபோல் மரத்தில் செய்யலாம். தினமும் கொஞ்ச நேரம் நிற்பது எலும்புக்கும் இடுப்புக்கும் நல்லது, மலச்சிக்கலும் குறையும்.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் உயிராபத்து இருக்கிறது. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டக்கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் சி.பி. பிள்ளைகளில் பலருக்கு இதுதான் காரணம். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே பார்க்கும்படி, முன்னாலிருந்து சின்னக் கரண்டியால் கொடுங்கள். தண்ணீராக ஓடும் கஞ்சியைவிடக் கெட்டியானதைப் பல பிள்ளைகள் பத்திரமாக விழுங்குவார்கள். நம் வீடுகளில் அதற்குக் குறையில்லை. ஏத்தங்காய்ப் பொடிக் கூழ், நன்றாக வெந்து மசித்த மரச்சீனிக் கிழங்கில் முள் எடுத்த மீன், குழைத்த சோறும் பருப்பும் போதும். ஒவ்வொரு வாய்க்கும் இருமல் வந்தாலோ, சாப்பிட்டதும் குரல் களகளவென்று மாறினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு மாத்திரை ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது. கண்ணையும் காதையும் ஒருமுறையாவது முறையாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் வர்ம ஆசான்களின் மாவட்டம். உங்கள் வீட்டிலும் யாராவது உழிச்சலுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார்கள். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவுவதில் தப்பில்லை, பிள்ளைக்கும் சுகம், அம்மாவின் கை பட்டால் இன்னும் நல்லது. ஆனால் இறுகிய காலை வலுக்கட்டாயமாக இழுத்து நேராக்க யாரையும் விடாதீர்கள். நிற்காத பிள்ளைகளின் எலும்பு பலவீனமானது, முறிந்துவிடும். "மூணு மாசத்துல ஓட வைக்கிறேன்" என்று பணம் கேட்பவர் ஆங்கில மருத்துவரானாலும் ஆசானானாலும் அந்த வாசலில் நிற்க வேண்டாம். நேர்ச்சை வைப்பதும் ஜெபிப்பதும் உங்கள் நம்பிக்கை, அதை நான் மதிக்கிறேன். அது ஒருபக்கம் நடக்கும்போதே மூலை நாற்காலிக்கும் அளவு எடுத்துவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்து கற்றுத்தருபவர் யார்? மூன்று இடத்தில் கேட்க வேண்டும்.

முதலாவது, பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையம். எல்லோரும் பி.ஆர்.சி. என்பார்கள். நம் மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, இராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டார், கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் என்று ஒன்பது ஒன்றியங்கள். உங்களுக்குத் திருவட்டார். அங்கே சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. குறிப்பிட்ட நாட்களில் மையத்தில் பயிற்சி தருவார்கள். வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி என்று வீட்டுக்கே வருவார்கள். நடைமுறையில் ஒரு சிறப்பாசிரியரின் கையில் பல பள்ளிகள் இருக்கும். ஆகவே அவர் வரும் நாளில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதும், அவர் செய்துகாட்டுவதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் முக்கியம். அடுத்த வருகைவரை அதுதான் பாடம். பால்வெட்டு வீடுகளில் விடியற்காலையில் ஆள் இருக்காது. பத்து மணிக்கு மேல் வரச் சொல்லி முதலிலேயே பேசிக்கொண்டால் அப்பாவும் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டியது அம்மா மட்டும் அல்ல.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருமே, அந்தக் குழு அனுப்பும் பிள்ளைகளைப் பார்ப்பதும் இந்த மையம்தான். ஒரே இடத்தில் குழந்தை மருத்துவர், தெரபிஸ்ட், காது பரிசோதனை எல்லாம் முடியும். அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை போய் மதிப்பீடு செய்துகொண்டு, அன்றாடப் பயிற்சியை வீட்டில் வைத்துக்கொள்வதே உங்கள் தூரத்துக்குச் சரியான ஏற்பாடு.

விளவங்கோடு, திருவட்டார் பக்கத்தவர்களில் பலர் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே ஆக்குளத்தில் 1997 முதல் நடக்கும் நிஷ் நிறுவனம் பேச்சுக்கும் காது கேளாமைக்கும் பெயர்பெற்றது. மதிப்பீட்டுக்குப் போய்வருவது நல்லதே. ஆனால் தொடர்ந்து பேச்சுப் பயிற்சி என்றால், வீட்டில் பேசும் மொழியிலேயே நடக்கவேண்டும். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு மலையாளத்தில் பயிற்சி தந்துவிட்டு வீட்டில் வேறு சொற்களைக் கேட்கவைத்தால் குழம்புவாள். "தண்ணி", "வேணும்", "போதும்", "வலிக்கு" என்று அவளுக்குத் தினமும் தேவைப்படும் சொற்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சத்தமாக வராவிட்டால் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டிக் கண்ணாலோ கையாலோ தேர்ந்தெடுக்கச் செய்யலாம். இது பேச்சைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்த பிள்ளை பேசவும் அதிகம் முயற்சி செய்யும்.

பள்ளிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை, தலைமையாசிரியரின் முடிவு அல்ல. "எங்களால பாத்துக்க முடியாது, சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது சட்டப்படி தவறு. கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதுவும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்துகொண்டே நடக்க வேண்டியது. பதிவேட்டில் பெயரும் எமிஸ் எனப்படும் மாணவர் அடையாள எண்ணும் வந்துவிட்டால்தான் மருத்துவ முகாம், உபகரணம், போக்குவரத்துப் படி, துணையாள் படி எல்லாம் அவள் பெயரில் கேட்க முடியும்.

சிறப்புப் பள்ளிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள் உள்ளன. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியராகவும் வங்கி ஊழியராகவும் ஆகியிருக்கிறார்கள். சைகை மொழியும் பிரெய்லும் அங்கேதான் ஆழமாகக் கிடைக்கும். ஆனால் எல்லாம் புரியும் ஒரு நாலு வயது சி.பி. பிள்ளையை விடுதிக்கு அனுப்ப வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டியது தன் வயதுப் பிள்ளைகளின் சத்தம். அது உங்கள் ஊர் அங்கன்வாடியிலேயே இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று அங்கன்வாடிகளுக்கென்றே ஒன்றிய அரசு 2023-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதைச் சொல்லிப் பேசுங்கள். முதல் வாரங்களில் அக்காவோ பாட்டியோ கூட இருந்து, மூலை நாற்காலியை அங்கேயே ஒன்று போட்டுவிட்டு, ஊட்டும் முறையை உதவியாளருக்குக் காட்டிக்கொடுத்தால் பாதி பயம் போய்விடும். பின்னால் பள்ளியிலும் காலை உணவு, சத்துணவுப் பணியாளர்களுக்கு இதே பாடத்தை நடத்த வேண்டும். கழிப்பறைக்கு வழி இருக்கிறதா, படியா சாய்தளமா என்று ஜூனுக்கு முன்பே போய்ப் பாருங்கள். நம் மலையோரப் பள்ளிகள் பல மேட்டில் கட்டப்பட்டவை. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது ஒரு ரூபாய் செலவில்லாத வேலை, கேட்டால் செய்வார்கள்.

எழுத முடியாதே என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதைக் கேட்டு எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் குறைபாட்டுக்கு ஏற்றபடி கிடைக்கும். கல்லூரியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவச் சான்று பெற வேண்டும். அது இந்தியா முழுக்கச் செல்லும். பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் டிக்கெட் வேண்டியதில்லை. சி.பி. என்பதால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கோரலாம், தெரபியும் அதில் அடங்கும். எங்கேயும் மனு நகர்ந்துபோகவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்குப் பதில் வராது.

சக்கர நாற்காலி வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். முகாமில் தருகிற பெரியவர் அளவு நாற்காலியில் சின்னப் பிள்ளையைப் போட்டால் முதுகு வளையும். சி.பி. குழந்தைகளுக்கென்று தலை, நெஞ்சு, கால் தாங்கிகளோடு தனி நாற்காலி அரசே தருகிறது. அளவெடுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு ஒரே நாற்காலி பல வருடம் பொருந்தாது என்பதால், ஒன்றிய அரசின் உபகரணத் திட்டத்தில் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறைகூட மாற்றிக் கேட்கலாம்.

இனி உங்கள் மையம். நல்ல எண்ணம், ஆனால் கட்டடத்தில் தொடங்க வேண்டாம். ஒரு நிறுவனமாக நடத்த வேண்டுமானால் 2016 சட்டப்படி பதிவுச் சான்று தேவை. பேச்சுப் பயிற்சியும் சிறப்புக் கல்வியும் தருபவர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் பெயர்ப்பலகை மாட்டினால், நாளை ஒரு பிள்ளைக்குக் காயம் பட்டால் பதில் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, மையம் என்று வந்துவிட்டால் மறுபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை தொடங்கிவிடும். மழைக்காலத்தில் உங்கள் ஊர்ச் சாலைகளில் அது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

1978 அல்மா ஆட்டா சுகாதார மாநாட்டுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த சமூகம் சார்ந்த மறுவாழ்வு முறை, இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. ஊரிலுள்ள ஒருவருக்குப் பயிற்சி தந்து, அவர் வீடு வீடாகப் போய்க் குடும்பத்துக்குக் கற்றுத்தருவார், நிபுணர் அவரை வழிநடத்துவார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமங்களில் இதைத்தான் பெரிய அளவில் செய்துவருகிறது. கல்லூரியில் படிக்கும்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், எழுதிப் புரியவைப்பதைவிடப் பார்த்தால் தெளிவாகும். உங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்து வேலை தேடும் ஒரு பெண் இருந்தால், மறுவாழ்வு மன்றம் 2021-இல் அறிமுகப்படுத்திய ஆறு மாதச் சமூக மறுவாழ்வுப் படிப்பைப் பற்றி விசாரிக்கலாம்.

சர்ச் ஹாலை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை பெற்றோர் கூடட்டும். சர்ச்சின் சிறு குழுவான அன்பியக் கூட்டத்திலும் மகளிர் குழுவிலும் அறிவித்து, கோவில் கமிட்டிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் மறைத்து வைத்திருக்கும் வீடுகளும் வெளியே வரும். அந்தக் கூட்டத்துக்கு பி.ஆர்.சி. பிசியோதெரபிஸ்டை வரச் சொன்னால் ஒரே நாளில் ஆறேழு பிள்ளைகளைப் பார்ப்பார், அவருக்கும் அலைச்சல் மிச்சம். தென்னை, பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர் ஒருவராவது உங்கள் பக்கத்தில் இருப்பார். அவர்களைச் சாகடிப்பது முறிந்த எலும்பு அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும் சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பயன்படுத்தவும் வீட்டாருக்குத் தெரிந்தால் போதும், அதே கூட்டத்தில் கிராம செவிலியர் காட்டித்தரலாம். பிறந்ததிலிருந்து சத்தத்துக்குத் திரும்பாத கைக்குழந்தை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை 6 வயதுக்குள்தான், சீக்கிரம் செய்தால்தான் பேச்சு வரும்.

ஊராட்சியையும் விடாதீர்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அங்கன்வாடிக்குச் சாய்தளம், பள்ளிக் கழிப்பறையில் கைப்பிடி போன்றவை ஊராட்சிக் கூட்டத்தில் முடிவாக வேண்டியவை. அந்த இடத்தில் பேச உங்கள் பெற்றோர் குழுவிலிருந்தே ஒருவர் தயாராகட்டும்.

கடைசியாக அக்கா. அவர் வேலையை விட்டதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர் மறுபடி சம்பாதிக்க வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேருங்கள். அங்கன்வாடி, பிறகு பள்ளி என்று பிள்ளைக்கு ஒரு நாளொழுங்கு வந்தால், மதியம்வரையாவது அவருக்கு நேரம் கிடைக்கும். அதே கூட்டத்தில் சந்திக்கும் இரண்டு மூன்று தாய்மார் முறைபோட்டு ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம், ஊட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா. பால்வெட்டு முடிந்து அப்பா வீடு திரும்பும் நேரத்திலிருந்து மாலைவரை பிள்ளை அவர் பொறுப்பு என்று இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.